இரண்டு வரியும் ஏழு மணி நேரமும்

கொட்டச்சேடு,
பிப்ரவரி 16, ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அப்பாவும் சக்தியும் நானும் சுகமாக இருக்கிறோம். இந்த வருஷம் மிளகு நன்றாகக் காய்த்திருக்கிறது. அப்பா எழுபது வயதில் ஏணி ஏறுகிறார். இறங்கச் சொன்னால் காது கேட்காதவர் போல இன்னும் இரண்டு படி மேலே போகிறார். சக்திக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதை உங்களுக்கு அனுப்பச் சொல்லி அழுதாள். பல்லெல்லாம் தபாலில் எடுக்க மாட்டார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் "டவர் போகுது" என்று வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். மார்ச் முப்பத்தொன்றுக்குள் நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய வாக்குமூலம் ஒன்று இருக்கிறது. இரண்டு முறை கேட்டும் மாட்டேன் என்றிருக்கிறீர்கள். அது எனக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை உங்கள் மேஜர் ஜோஸ்வா சார் இங்கே வந்திருந்தார்.

அவர் வந்ததைச் சொல்வதற்கு முன்னால் பேனர் கதையைச் சொல்ல வேண்டும். குடியரசு தினத்தன்று நீங்கள் போனில், சாருக்கு மெடல், உங்களுக்குப் பாராட்டு அட்டை என்று சொன்னீர்கள் அல்லவா? அப்பாவின் காதில் மெடல் மட்டும்தான் விழுந்தது. மறுநாளே பஸ் ஏறி ஏற்காடு போய், பிளக்ஸ் கடை தினேஷிடம் உங்கள் போட்டோவைக் கொடுத்துவிட்டார். என்ன மெடல் என்று தினேஷ் கேட்டதற்கு, நல்ல மெடலாகப் போடச் சொன்னாராம். தினேஷ் நெட்டில் தேடி உங்கள் நெஞ்சில் மூன்று மெடல் குத்திவிட்டார். பஸ் நிறுத்தத்தில் பத்தடி உயரத்தில் "எல்லைச் சிங்கம் பொன்னுவேல்" என்று ஒரு வாரம் நின்றீர்கள். வாங்காத மெடலைப் போடுவது குற்றம் என்று நான் சண்டை போட்ட பிறகு, தினேஷே வந்து மூன்றின் மேலும் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டுப் போனார். இப்போது நெஞ்சில் பிளாஸ்திரி போட்டவர் மாதிரி நிற்கிறீர்கள்.

மேஜர் சார் குப்பனூர் வழியாகக் காரில் வந்தவர், முதலில் பார்த்தது அந்தப் பேனரைத்தான். அங்கேயே இறங்கி வழி கேட்டுக்கொண்டு அஞ்சலகத்துக்கு வந்தார். பதினொன்று இருக்கும். நான் தபால் பை கட்டிக்கொண்டிருந்தேன். ஒட்ட வெட்டிய முடி, நிமிர்ந்த நடை, இடது காலை லேசாகச் சாய்த்து வைத்தார். மிலிட்டரி என்று பார்த்ததும் தெரிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் மிலிட்டரிக்காரர் வீடு தேடி வந்தால் எங்களுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. வாசற்படியில் கால் வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "தங்கச்சி, பொன்னுவேல் சுகமா இருக்கான். நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே வீட்டில் கோழி அடித்தோம்.

சாப்பிட்டபடியே பேனரைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கடைக்காரரை டெல்லிக்குக் கூட்டிப் போக வேண்டும், மூன்று கூட வேண்டாம், ஒன்று கொடுத்தால் போதும் என்றார். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எனக்கு எவ்வளவு தெரியும் என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன்.

வெள்ளத்தில் பாலம் போன அன்று அக்கரையில் சிக்கிய சாலைத் தொழிலாளர்கள் பதினொரு பேரைக் கயிறு கட்டி இக்கரைக்குக் கொண்டுவந்ததற்காக, உங்கள் இருவர் பெயரையும் ஒரே மெடலுக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். அவரைப் பற்றிக் கர்னல் எழுதியது ஒன்றரைப் பக்கம். உங்களைப் பற்றி எழுத, உங்களையே கேட்டிருக்கிறார்கள். நீங்கள் கொடுத்தது இரண்டு வரி. "மேஜர் சார் உத்தரவுப்படி கயிற்றைப் பிடித்தேன். எல்லோரும் கரை சேர்ந்தார்கள்." மேலே உட்கார்ந்து படித்தவர்கள் ஒன்றரைப் பக்கத்துக்கு மெடலும் இரண்டு வரிக்கு அட்டையும் கொடுத்திருக்கிறார்கள்.

"ஆபீசருக்கு எழுத இன்னொரு ஆபீசர் இருக்காரு. ஜவானுக்கு அவனே சொன்னாத்தான் உண்டு. இவன் சொல்ல மாட்டேங்கான்" என்றார் சார்.

அப்பா சாப்பிட்ட இலையை மடித்தார். பிறகு கேட்டார்: "ஏனுங் சாமி, கயித்துக்கு ரெண்டு முனை இருக்குமுங்களே. ஒரு முனைக்கு மட்டுந்தான் மெடலுங்களா?"

நான் கண்ணைக் காட்டினேன். அவர் நிறுத்துகிற ஆளா? சார் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, அதையேதான் கர்னலிடமும் கேட்டேன், ஆனால் இவ்வளவு சுருக்கமாகக் கேட்கத் தெரியவில்லை என்றார். கர்னலும் நல்லவராம். நடந்ததை நீங்கள் முழுவதும் எழுதிக் கொடுத்தால், மறுபரிசீலனைக்கு அனுப்பத் தயார் என்கிறாராம். நீங்கள்தான், கேட்டு வாங்குவதற்கு மெடல் என்ன ரேஷன் அரிசியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உடனே எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த வெள்ளத்தைப் பற்றி அக்டோபரில் நீங்கள் எனக்கு எழுதிய கடிதம் இருக்கிறதே, தேதி முத்திரையோடு. அதைவிட நல்ல சாட்சி எது? பெருமையாக எடுத்து வந்து வாசித்தேன். சாரின் குறட்டையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை மட்டும் தாண்டிவிட்டேன். "இரண்டு மணி நேரம் தண்ணீரில் நின்றேன். கால் கொஞ்சம் விறைத்தது. டீ குடித்ததும் சரியாகிவிட்டது" என்ற இடம் வந்ததும் சார் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"ரெண்டு மணி நேரமா? காலையில ஒன்பதுக்கு இறங்கினவன் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் ஏறினான் தங்கச்சி."

அதன் பிறகு அவர் சொன்னதை எல்லாம் கேட்டேன். கயிறு கட்டிய மரம் சாய்ந்ததும் கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு பாறைகளுக்கு நடுவில் நின்றீர்களாம். எட்டுப் பேர் வந்த பிறகு கல் உருண்டு வந்து சாரின் காலில் அடித்து அவர் மயங்கிவிட்டாராம். அவரை முதுகில் சுமந்து கரையில் கிடத்திவிட்டு, மீதி மூன்று பேருக்காகத் திரும்பவும் இறங்கினீர்களாம். இது அப்போது சாருக்கே தெரியாது. அந்த மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்து அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இப்போது அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ தெரியவில்லை. சொல்வதற்கு நீங்கள் ஒருவர்தான் மிச்சம்.

நான் உள்ளே போய், கழுவி வைத்திருந்த டம்ளர்களை எல்லாம் மறுபடியும் கழுவினேன்.

திரும்பி வந்தபோது சார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் கடிதத்தைச் சாட்சியாகக் கொடுத்தால் இருக்கிற அட்டையையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்றார். அதற்கு நானும் சிரித்துவிட்டேன். கிளம்பும்போது ஏணியைப் பிடித்து அப்பாவுக்கு உதவி செய்கிறேன் என்று பத்து நிமிடம் நின்றார். அப்பா அவரை மிளகுக் கொடியோடு சேர்த்து அதட்டினார். இரண்டு பேரும் அதில் சந்தோஷமாக இருந்தார்கள்.

மாமா, நான் ஒன்று கேட்கிறேன். பட்டாளத்துக்கு இரண்டு வரி எழுதினீர்கள். எனக்கு இரண்டு மணி நேரம் எழுதினீர்கள். பயந்துவிடுவேன் என்று குறைத்தது எனக்குப் புரிகிறது. ஆனால் அக்டோபரிலிருந்து நீங்கள் போனில் "கால் வலிக்குது" என்று சொன்னபோதெல்லாம் வயசாகிவிட்டது என்று உங்களைக் கேலி செய்துகொண்டிருந்தேனே, அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

வாக்குமூலம் எழுத வெட்கமாக இருந்தால் பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள். காலை ஒன்பது மணியிலிருந்து தொடங்குங்கள். பத்து மணிக்கு என்ன, பதினொன்றுக்கு என்ன என்று வரிசையாக எழுதுங்கள். தமிழிலேயே போதும். குறட்டை மாதிரி விஷயங்களை எடுத்துவிட்டு நான் படி எடுத்து அனுப்புகிறேன், சார் இங்கிலீஷில் எழுதிக்கொள்வார். மெடல் வாங்கும் நாளில் நீங்களும் அதே வரிசையில் நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எனக்கும் ஆசைதான், மறைக்கவில்லை. அந்தப் படியில் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். அதற்கு மேல் வற்புறுத்த மாட்டேன்.

கடிதம் மட்டும் என் இஷ்டம். அது வந்தே ஆக வேண்டும். சேர்வராயன் சாமி உங்களுக்கு அந்தத் தண்ணீரில் நிற்கக் காலைக் கொடுத்தார். அதைப் படித்துத் தாங்க எனக்கும் மனதைக் கொடுப்பார். இனிமேல் எதையும் குறைக்காதீர்கள்.

மீதி ஐந்து மணி நேரத்துக்காகக் காத்திருக்கும்,
உங்கள்
சிவரஞ்சனி