ஐஸ் வண்டி பின்னாடி போச்சு

எண்ணூர்
14.7.2024

அன்புள்ள ரஹீமுன்னிசாவுக்கு,

நீலா எழுதுகிறேன். போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். அது நியாயம்தான். அதனால்தான் காகிதம். இங்கே அடி வாங்கிப் போன கவுஸ் அண்ணன் கை எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

மகிழினி கிடைத்துவிட்டாள். மீன் விற்கப் போன அம்மா மலர்க்கொடியைத் தேடி ரயில் ஏறியிருக்கிறாள், எதிர்ப்பக்கம் போகிற வண்டியில். நெல்லூரில் ஒரு காப்பகத்தில் ஒன்பது நாள் இருந்திருக்கிறாள். ஆறு வயதுப் பிள்ளை, ‘குப்பம், குப்பம்’ என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அழைத்து வந்த அன்று கோயில் வாசலில் மேளம், எல்லாருக்கும் கேசரி. பூட்டிக் கிடக்கும் உன் வீட்டுப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

எனக்குக் கேசரி இறங்கவில்லை. மலர்க்கொடி அன்று பிள்ளையை என்னிடம்தான் விட்டுப் போனாள். நான் போனைப் பார்த்தபடியே தூங்கிவிட்டேன். விழித்தால் பிள்ளை இல்லை. எல்லாரும் சூழ்ந்துகொண்டு “எங்கடி உட்ட?” என்று கேட்டபோது, “ஐஸ் வண்டி பின்னாடி போச்சு, நா பாத்தேன்” என்று சொல்லிவிட்டேன். நான் பார்க்கவில்லை, ரஹீமா. அண்ணன் அன்று ஐஸ் வண்டியோடு நம் தெருவுக்கே வரவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். எழுதியதைக் கிழித்துவிட்டேன்.

நீலா

மாத்தூர்
22.7.2024

நீலாவுக்கு,

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கட்டுப் போட்ட கையை ஊன்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். “கொழந்த கெடச்சிட்சா? நல்லா கீதா? எதுனா துன்ச்சாமா?” என்று கேட்டார். அப்புறம் வெகுநேரம் அழுதார். குழந்தை வந்து சேர்ந்ததை இவருக்குச் சொல்லி அனுப்ப அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையா?

பதினான்கு வருடம் அந்தத் தெருவில் இருந்தோம். என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் நீ. இங்கே வாசலில் சின்னப் பிள்ளைகள் விளையாட வந்தால் அவர் எழுந்து உள்ளே போய்விடுகிறார். ‘நீ ஏன் போற’ என்று நான் கேட்பதில்லை.

என்னிடம் ஒத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது? அவர் தொடவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாதவர்களிடம் போய்ச் சொல்.

ரஹீமுன்னிசா

எண்ணூர்
7.8.2024

ரஹீமா,

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். எழுந்து நின்று சொன்னேன். தலைவர் எத்திராஜ் சொன்னார்: “புள்ளதான் கெடச்சிச்சில்ல, வுடும்மா. இத்த எதுக்கு இப்ப நோண்டிகினு கீற?” அண்ணனை அடித்தவர்கள் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளை நெல்லூரில் கிடைத்த அன்றே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் முதலில் வாய் திறக்க விரும்பவில்லை, அவ்வளவுதான்.

முதல் அடி என் வீட்டுக்காரர் அடித்தது. என் பேச்சை நம்பித்தான் அடித்தார். வண்டியை உடைத்ததும் அவர்தான். இப்போது ஒரே வீட்டில் இருக்கிறோம், என்னிடம் பேசுவதில்லை.

மலர்க்கொடி மட்டும் கிட்டே வந்தாள். “என் புள்ளைய நா உன் கையிலதானடி குட்த்தேன்?” என்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. போய்விட்டாள்.

மறுநாள் காவல் நிலையத்தில், பொய் சொன்னவள் நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன்.

இன்று காலை மலர்க்கொடி என் வாசலில் நின்றாள். முகத்தைப் பார்க்காமல், “பாய் வூட்டு அட்ரஸ் குடு” என்றாள். இந்தக் கடிதத்தை அவளிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன். மகிழினியையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். நீ இதைப் படிக்கும்போது இரண்டு பேரும் உன் வாசலில் நிற்பார்கள். அண்ணன் எழுந்து உள்ளே போனால் தடுக்காதே. பிள்ளை பின்னாலேயே போனால் அதையும் தடுக்காதே.

நான் வரவில்லை. நீ கூப்பிட்டாலும் வரமாட்டேன்.

நீலா