இரண்டாம் படி ஜப்பான் பேச்சு

ஆனி 2, திங்கள்

வகுப்பில் இன்று இருந்தவர்கள்: சென்செய் (வாத்தியாரை அப்படித்தான் கூப்பிட வேண்டும், மதுரைப் பெண், கவிதா), பாத்திமா, மாரிச்செல்வம், புளியங்குடி ஜெனிபர், நான். ஜெனிபர் பாதியில் வந்தாள். காலையிலிருந்து சாரல். மேலகரத்தில் நிறுத்தாமல் போனான் பஸ்காரன். போன மாதமும் நிறுத்தாமல் போனது இதே மீசைக்காரன்தான். இருக்கட்டும்.

மற்ற மூன்று பேரும் நர்சு படித்தவர்கள். ஜப்பானில் வயசாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போகிறவர்கள். மாரிச்செல்வம் சொல்கிறான், "ஆச்சி, ஒங்களக் குளிப்பாட்டிப் பழகிக்கிடுதேன், வாரேளா?"

"மொதல்ல ஒன் மூஞ்சியக் கழுவுலே."

மாதக் கடைசியில் ஜப்பானிலிருந்து மகன் குமார் வருகிறான். மருமகள் மிஹோகோ, பேத்தி ஹனா. இரண்டு பேரையும் போனில் பார்த்ததோடு சரி. குற்றாலத்தில் லாட்ஜ் போட்டிருக்கிறானாம். மேலகரத்தில் வீடு இருக்க, லாட்ஜ். நான் வீட்டுக்குக் கூப்பிடுவதாக மிஹோகோவிடம் சொல்லிவிடேன் என்றால், "இத மட்டும் நான் சொல்ல மாட்டேம்மா. அப்பா கூப்பிடட்டும்" என்கிறான்.

அவர் எங்கே கூப்பிட? மிஹோகோவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று பிள்ளை போன் போட்ட அன்று, "இனி இந்த வாசப்படிய மிதிக்காத" என்றவர் ஆயிற்றே. சோற்றில் தேங்காய்ப்பால் சொதியைப் பிசைந்துகொண்டே சொன்னார். போனை வைத்துவிட்டு, இன்னொரு கரண்டி ஊத்து என்றார். அன்றைக்குச் சொதியில் முருங்கைக்காய் இளசு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அதற்குப் பிறகு இந்த வீட்டில் சொதி கிடையாது. ஏன் என்று அவர் கேட்டதும் கிடையாது.

அதனால் நானே கூப்பிடப் போகிறேன். முதல் படியில் வணக்கம், பேர், ஊர், எண்ணிக்கை. ஒருத்தரை வீட்டுக்குக் கூப்பிடுகிற பேச்சு இரண்டாம் படியில்தான் வருகிறது.

ஆனி 5, வியாழன்

இரண்டாம் படிக்குப் போகப் பரீட்சை. வாயால் சொல்வது மட்டும். எழுத்து எனக்கு வேண்டாம் என்று முன்னாலேயே பேச்சு.

எல்லாம் சொன்னேன். என் பேர், ஊர், மகன் பேர், பேத்தி வயசு. தடுமாற்றமே இல்லை. அப்புறம் சென்செய், வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டாள், ஜப்பான் பேச்சில். நான் கூரையைப் பார்த்தேன்.

"மறந்துபோச்சா ஆச்சி?"

எனக்கா மறக்கும்.

பாத்திமா எழுந்து, "சென்செய், அவுக சொல்ல மாட்டாவ. எங்க உம்மாவும் வாப்பா பேரச் சொல்ல மாட்டாவ" என்று சொல்லி, அவர் பேரையும் சொல்லிவிட்டாள். நல்ல பிள்ளை. ரேஷன் கடையில் எனக்குப் பின்னால் நிற்கிறவள் எப்போதும் செய்கிற உதவிதான்.

சென்செய்க்கு அது செல்லாதாம். இன்னொருத்தர் சொன்னால் கணக்கில் வராது, முதல் படியிலேயே இன்னொரு தடவை உட்காருங்க என்றாள். அதற்குள் குமார் வந்து திரும்பிப் போய்விடுவான்.

பஸ்ஸில் ஜன்னல் அடைக்க வரவில்லை. ஒரு பக்கம் முழுக்க நனைந்தது. அவர் கதவைத் திறந்து, "என்ன, நனஞ்சிட்டு வார?" "ஆமா." அவ்வளவுதான் பேச்சு.

ஆனி 6, வெள்ளி

போகவேண்டாம் என்று படுத்திருந்தேன். பிறகு போனேன். பருப்பு ஊறப்போட்டேன், கொடித்துணி எடுத்தேன், போனேன்.

சென்செய் வாசலிலேயே நின்றாள். "ஆச்சி, ராத்திரி எங்கம்மாட்ட ஃபோன்ல கேட்டேன். அப்பா பேரச் சொல்லும்மான்னேன். 'போடி கழுத'ன்னு வச்சிட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. உள்ளே போனதும் என்னை இந்தப் பக்க பெஞ்சிலிருந்து எழுப்பி அந்தப் பக்க பெஞ்சில் உட்காரவைத்தாள். இரண்டாம் படி அங்கே. பாத்திமா நகர்ந்து இடம் விட்டாள்.

இவளை மன்னித்தாயிற்று. இதை எழுதிவைக்கிறேன், பிறகு மாற்றமாட்டேன்.

ஆனி 20, வெள்ளி

கூப்பிடுகிற பேச்சு வந்துவிட்டது. உச்சி நி கிமசென் கா. வீட்டுக்கு வாங்களேன். மாவாட்டும்போது சொன்னேன், கோலம் போடும்போது சொன்னேன். அவர் பேப்பருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன மொணங்குத?" என்றார். மந்திரம் என்றேன்.

அவர் விலக்கிய வாசப்படிக்கு நான் கூப்பிடலாமா என்று ஒரு யோசனை. தினமும் கூட்டித் தெளிப்பது நான். கூப்பிடலாம்.

வாங்க: தேங்காய், பாசிப்பருப்பு, இஞ்சி, முருங்கைக்காய்.

ஆனி 28, சனி

குற்றாலம். மெயின் அருவியில் கூட்டம். எங்கே பார்த்தாலும் எண்ணெய்த் தலை, ஈர வேட்டி. லாட்ஜ் வாசலில் குமார். இளைத்திருக்கிறான். காதோரம் நரை.

மிஹோகோ குனிந்து வணங்கினாள். நானும் குனிந்தேன். ஹனா அம்மா முதுகுக்குப் பின்னால். குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நீ சும்மா இரு என்று சொல்லிவிட்டு, மிஹோகோ கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். முழுசாக. நாளைக்கு, மத்தியானம், சாப்பாட்டுக்கு, எல்லாம் சேர்த்து.

மிஹோகோ என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். "ஹாய்" என்றாள். ஆமாம் என்று அர்த்தம். அப்புறம் கடகடவென்று என்னவோ சொன்னாள், அதெல்லாம் மூன்றாம் படியாக இருக்கும். கண் நிறைந்திருந்தது, அது புரிந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். "நாளைக்குப் பிள்ளை வாரான்." அவர் மழைக்குள் கிளம்பிப் போய் முகச்சவரம் செய்துவிட்டு வந்தார்.

ஆனி 29, ஞாயிறு

வெயிலும் சாரலும். வந்தார்கள். வாசப்படி தாண்டும்போது குமார் நின்றான். ஹனா நிற்கவில்லை. நேரே போய் அவர் நாற்காலி முன்னால் நின்று ஜப்பான் பேச்சில் கேட்டாள்.

"பிள்ள என்ன கேக்குது?"

"உங்க பேரக் கேக்குது."

"நீ சொல்லேன்."

"நான் எப்பிடிச் சொல்ல?"

அவரே சொன்னார். ஹனா வாயில் அந்தப் பேர் பாதிதான் நுழைந்தது. அதற்கே துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். குமார் போய், "அப்பா, விடுங்கப்பா" என்று தோளைப் பிடித்தான். அவன் மன்னித்துவிட்டான். மிஹோகோவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இலை போட்டேன். மிஹோகோ கையால் பிசைந்தே சாப்பிட்டாள். ஹனா அப்பளம் மட்டும். இனிமேல் வந்தால் இங்கேதான் தங்குவார்களாம், குமார் சொன்னான். தை மாதம் மூன்றாம் படி ஆரம்பம், பேர் கொடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் சொதி ஊற்றினேன். அவர் இலைக்கு ரசம். நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும்.

பேரை வாயால்தான் சொல்லக்கூடாது. எழுதலாம். சங்கரலிங்கம்.