ஆலோசகர் பட்டியலில் லிஃப்ட் மெக்கானிக்கின் எண்

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக் (தங்கள் பட்டியலின்படி மனநல ஆலோசகர்),
இரண்டாவது மாடி, சலவைக் கடைக்கு மேல் வீடு,
பேருந்துப் பணிமனைக்குப் பின் தெரு.

பெறுநர்:
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
ஆலோசகர் பட்டியல் பராமரிப்பு,
நகர மனநலச் சேவைப் பிரிவு.

பொருள்: மனநல ஆலோசகர் பட்டியலில் தவறாக இடம்பெற்றுள்ள என் கைபேசி எண்ணை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு உரிய ஆலோசகர் யார், எங்கே இருக்கிறார் என்று தெரிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: (அ) என் முதல் மனு. (ஆ) அதற்குப் பதிலாகத் தாங்கள் அனுப்பிவைத்த அடையாள அட்டை.

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்களின் முந்தைய கடிதத்தில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுழி மட்டுமே இருந்தபடியால் இரண்டு விதமாகவும் விளித்துள்ளேன். மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம். நான் இப்போது இருக்கும் குழப்பத்தில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

1. நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இந்தப் பகுதியிலுள்ள குடியிருப்புகள், இரண்டு மருத்துவமனைகள், ஒரு துணிக்கடை ஆகியவற்றின் லிஃப்டுகள் என் பொறுப்பில் உள்ளன. ஒவ்வொரு லிஃப்டின் உள்ளேயும் என் எண் ஒட்டப்பட்டிருக்கும். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அந்த எண்ணுக்குத்தான் அழைப்பார்கள். எனவே எந்த அழைப்பையும் எடுக்காமல் விடுவதோ, எதிர்முனையில் ஆள் பேசும்போது வைத்துவிடுவதோ எங்கள் தொழிலில் கூடாது. எண்ணை மாற்றச் சொல்லி என் சகலை யோசனை சொன்னார். அத்தனை லிஃப்டிலும் ஏறி ஸ்டிக்கர் மாற்ற அவர் வருவதாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

2. கோடை தொடக்கத்தில் ஒரு பெண்மணி அழைத்தார். அழுதபடியே, “மூச்சு முட்டுது சார், வெளிய வர முடியல” என்றார். எந்த மாடி என்று கேட்டேன். மூன்றாவது மாடி என்றார். வழக்கமாகச் சொல்வதை அவரிடமும் சொன்னேன். கதவைத் தட்ட வேண்டாம், கீழே உட்காருங்கள், காற்று வந்துகொண்டுதான் இருக்கும், மூச்சை மெதுவாக விடுங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன் என்றேன். சிறிது நேரத்தில் அழுகை அடங்கியது. பிறகு, உள்ளே விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். “இல்ல சார், நான்தான் போடல” என்றார். எனக்குச் சுருக்கென்றது. எந்தக் கட்டடம் என்று கேட்டதற்கு, “என் வீடு சார். படுக்கையறையில இருக்கேன்” என்றார். லிஃப்ட் எங்கே என்று நான் கேட்க, எந்த லிஃப்ட் என்று அவர் கேட்க, இருவரும் விழித்தோம். தங்கள் துறையின் இணையப் பக்கத்தில் ‘உங்கள் அருகிலுள்ள ஆலோசகர்’ என்ற தலைப்பின் கீழ் என் எண்ணைப் பார்த்து அழைத்ததாக அவர் சொன்ன பிறகுதான் விஷயமே எனக்குத் தெரியும்.

3. அன்றிலிருந்து அழைப்புகள் வந்தவண்ணம் உள்ளன. நான் ஆலோசகர் இல்லை, லிஃப்ட் மெக்கானிக் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் மன்னிப்புக் கேட்டு வைத்துவிடுகிறார்கள். பலர் வைப்பதில்லை. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், “பரவாயில்ல சார், ரெண்டு நிமிஷம் லைன்ல இருங்க, போதும்” என்றார். ஒரு மனிதர் அப்படிக் கேட்கும்போது நான் எப்படி வைப்பேன், தாங்களே சொல்லுங்கள். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் காதில் போனை வைத்துக்கொண்டு லிஃப்ட் மெஷின் ரூம் படியில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் சொல்வதில் பாதி எனக்குப் புரியாது. புரிந்த பாதிக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரியாது. “ம்” என்று மட்டும் சொல்வேன்.

4. இதில் ஆபத்தும் உள்ளது. சென்ற மாதம் அந்த வங்கிக்காரர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், துணிக்கடை லிஃப்டில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அவர் மாமியாரும் மாட்டிக்கொண்டார்கள். என் லைன் கிடைக்கவில்லை. காவலாளி கடப்பாரையை வைத்துக் கதவை நெம்பியிருக்கிறார். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமியார் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவர் திட்டியதில் நியாயம் இருந்தது.

5. இவற்றையெல்லாம் விளக்கி, என் எண்ணை நீக்கக் கோரி முதல் மனுவை அனுப்பினேன். அதற்குத் தாங்கள் ஒரு அடையாள அட்டை அனுப்பினீர்கள். அதில் ‘மனநல ஆலோசகர்’ என்று அச்சிட்டிருந்தது. புகைப்படத்துக்கு இடம் விட்டிருந்தது. கூடவே, பயிற்சி முகாமுக்கு நான் வராதது குறித்து விளக்கமும் கேட்டிருந்தீர்கள். நான் என்ன எழுதினேன், தாங்கள் என்ன படித்தீர்கள் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஒருவேளை நானே மறந்துவிட்ட ஏதாவது படிப்பைப் படித்திருக்கிறேனா என்றுகூட ஒரு மதியம் யோசித்தேன். என் பீரோவில் இருப்பது லிஃப்ட் மெக்கானிக் சான்றிதழ் மட்டுமே.

6. இதுவரை சொன்னது என் தொந்தரவு. இனிச் சொல்லப்போவது என் மனைவி சம்பந்தப்பட்டது. அதற்காகத்தான் இந்த இரண்டாவது மனு.

7. என் மனைவி ஒரு பல்பொருள் அங்காடியில் கல்லாவில் இருந்தாள். கடகடவென்று வேலை செய்வாள். அவளிடம்தான் வரிசை நீளமாக நிற்கும், ஏனென்றால் அந்த வரிசைதான் வேகமாக நகரும். சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் கைப்பையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவள், அப்படியே திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். உடம்பு சரியில்லை போலும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. செருப்பைப் போட்டாலே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை சில்லிட்டுப்போகிறது என்றாள். ஒருவழியாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தோம். நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லையென்றால் ஏன் அடிக்கிறது என்று கேட்டதற்கு, மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வேலை போய்விட்டது. அவள் மாடிப்படி இறங்கிப் பல வாரங்கள் ஆகின்றன. சண்டை இல்லை, சாவு இல்லை, யாரும் ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை. ஏன் இப்படி என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வரும் தவறான அழைப்புகளைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை. இருக்கிற பாரம் போதாதென்று ஊரார் துக்கம் வேறு அவளுக்கு எதற்கு என்றுதான்.

8. இந்நிலையில் ஒரு நாள் முற்பகல், மருத்துவமனை லிஃப்டின் கூரைமேல் நின்று கதவு ரோலர் மாற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மனைவி. “என்ன, சீக்கிரம் சொல்லு” என்றேன். “ஒண்ணுமில்ல, சும்மாதான்” என்று சொல்லி வைத்துவிட்டாள். நானும் வேலையைப் பார்த்தேன்.

9. மாலையில் நான் கையில் ஒட்டிய கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, “அந்த லிஸ்ட்ல உங்க நம்பர் ஏன் இருக்கு? நான் என்ன பண்றேன்னு வேவு பாக்குறீங்களா?” என்று கேட்டாள். பிறகு மெல்ல மெல்லத்தான் முழுவதும் வெளியே வந்தது. எனக்குத் தெரியாமல் அவளாகவே ஆலோசகரைத் தேடியிருக்கிறாள். தங்கள் பக்கத்தில் ஒவ்வொரு ஆலோசகரின் கீழும் மக்கள் நட்சத்திரம் போட்டுக் கருத்து எழுதுகிறார்கள் அல்லவா, அதைப் படித்துப் படித்து ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அந்த ஒருவருக்கு எல்லா நட்சத்திரமும் இருந்திருக்கின்றன. ‘பொறுமையாகக் கேட்கிறார்’ என்று ஒருவர் எழுதியிருந்தாராம். ‘குறுக்கே பேசுவதே இல்லை’ என்று இன்னொருவர். ‘மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார்’ என்று வேறொருவர். இப்படிப்பட்ட ஒருவரிடம் பேசலாம் என்று தோன்றி, மூன்று நாள் தயங்கி, நான்காம் நாள் அங்கிருந்த அழைப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். திரையில் ‘அவர்’ என்று வந்திருக்கிறது. என் எண்ணை அவள் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறாள்.

10. அந்தப் பொறுமைசாலியிடம் அவளுக்குக் கிடைத்தது “என்ன, சீக்கிரம் சொல்லு.” இதற்குமேல் இந்தப் பத்தியில் எழுத எனக்கு வரவில்லை.

11. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சரியான ஆளைக் கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தேன். பட்டியலில் இருந்த மற்ற எண்களுக்கு அழைத்தேன். ஒருவர் குழந்தைகளை மட்டுமே பார்ப்பாராம். ஒருவர் நேரில் வந்தால்தான் பேசுவாராம். ஊரின் மறுகோடியில் இருக்கிறார். வாசல் தாண்ட முடியாதவளை ஊர் தாண்டி எப்படிக் கூட்டிப்போவது என்று கேட்டேன். அதற்கு முதலில் வாசலைத் தாண்டப் பழக்குங்கள் என்றார். அதற்காகத்தானே ஐயா அவரைத் தேடினேன்? இன்னொரு எண்ணில் ஒரு தையற்கடைக்கார அம்மா எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், “சொல்லுங்க தம்பி, மனசுல என்ன கஷ்டம்?” என்று கேட்டார். அவருக்கும் என் கதிதான். அவரும் மனு போட்டிருக்கிறாராம்.

12. பிறகு தங்கள் இணையவழிச் சேவையில் என் மனைவிக்காகப் பதிவு செய்தேன். வீட்டிலிருந்தே முகம் பார்த்துப் பேசலாம் என்று போட்டிருந்ததைப் பார்த்து அவள் முகம்கூடச் சற்றுத் தெளிந்தது. உடனே பதில் வந்தது. இணையவழியில் தற்போது இடமில்லை, தங்களுக்கு மிக அருகிலுள்ள ஆலோசகரை அணுகவும் என்று சொல்லி, கீழே என் எண்ணைக் கொடுத்திருந்தது. பதற்றத்தில் விரல் பட்டு நானே என்னை அழைத்துவிட்டேன். எண் உபயோகத்தில் இருப்பதாகச் சொன்னது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. என் மனைவி பல வாரங்களுக்குப் பின் அன்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுதாள்.

13. பட்டியலில் என் எண்ணுக்கு நேரே இருந்த முகவரிக்கும் போய்ப் பார்த்தேன். அது எனக்குப் பழக்கமான கட்டடம்தான். அதன் லிஃப்டைப் பார்ப்பவனே நான். கீழ்த்தளத்துப் பெயர்ப் பலகையில் ஒவ்வொரு மாடிக்கும் எதிரே ஓர் எண் எழுதியிருக்கிறது. மூன்றாவது மாடி, மனநல ஆலோசனை மையம். அதன் எண் அழிந்துபோயிருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் ‘லிஃப்ட்’ என்ற சொல் உரிந்துபோய் என் எண் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தங்கள் ஊழியர் யாரோ அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்க வேண்டும். இது என் ஊகமே. மூன்றாவது மாடி பூட்டிக் கிடக்கிறது. அங்கிருந்த ஆலோசகர் அம்மா இடம் மாறிப் போய்விட்டார் என்று காவலாளி சொல்கிறார். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. பாவம், யாருமே அழைக்கவில்லையே என்று அந்த அம்மா எங்கோ உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பாரோ என்னவோ.

14. கடந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான் முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. என் மனைவியின் எண். அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள், கதவு சாத்தியிருந்தது. எழுந்து போய்க் கேட்கலாமா என்று நினைத்தேன். என்னவோ தோன்றி, போகாமல் போனை எடுத்து, “சொல்லுங்க” என்றேன். “நீங்க ஆலோசகருங்களா?” என்று கேட்டாள். “இல்லங்க. லிஃப்ட் மெக்கானிக்” என்றேன். “பரவாயில்ல” என்றாள். அதற்குப் பிறகு பேசினாள். கதவு வழியாகவும் போன் வழியாகவும் அவள் குரல் எனக்குக் கேட்டது. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவ்வளவு நேரம் அவள் என்னிடம் பேசியதில்லை, அல்லது நான் கேட்டதில்லை. அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். மற்றவர்கள் சொன்னதையும் எழுதவில்லை.

15. இதைப் படித்துவிட்டு, ஆள்தான் நன்றாகக் கேட்கிறாரே, அப்படியே இருக்கட்டும் என்று தாங்கள் முடிவு செய்துவிடக் கூடாது. இரண்டு கையையும் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். லிஃப்டுக்குள் இருப்பவரிடம் நான் தைரியமாகப் பேசுவேன், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். இவர்களிடம் நான் எதை நம்பிப் பேசுவது? ஒரு முறை ஒருவரிடம் வாய் தவறி ஏதோ சொல்லிவிட்டேன். அவர் அதன்பின் அழைக்கவே இல்லை. அவர் நன்றாக இருக்கிறாரா என்று கேட்க எனக்கு வழியில்லை. அந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவியிடமும் அப்படி எதையாவது சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

16. ஆகவே, இடம் மாறிப்போன அந்த ஆலோசகர் அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்து அவர் எண்ணைப் பட்டியலில் போடுமாறும், என் எண்ணையும் தையற்கடைக்கார அம்மாவின் எண்ணையும் எடுத்துவிடுமாறும் வேண்டுகிறேன். எடுப்பதற்கு முன் சரியான எண்ணை எனக்குத் தெரிவியுங்கள். வங்கிக்காரர் வாரா வாரம் அழைப்பார். தவறான எண் என்று மட்டும் சொல்லி அவரை அனுப்ப எனக்கு மனம் வராது. பதிலைத் தபாலில் அனுப்பவும். போனில் அழைத்தால் லைன் கிடைக்காது.

17. கடைசியாக ஒன்று. ஞாயிறன்று போனை வைப்பதற்கு முன் என் மனைவி, “சரியான ஆளு எங்க இருக்காங்கன்னு கேட்டுச் சொல்றீங்களா? எங்க போகணும்னு தெரிஞ்சா, செருப்பு போட்டுப் பாக்குறேன்” என்றாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்று காலையும், “கேட்டீங்களா?” என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடந்த செருப்பைத் துடைத்து வாசல் பக்கம் வைத்திருக்கிறாள். எங்கே போக வேண்டும் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
லிஃப்ட் மெக்கானிக் மட்டுமே ஆன,
(கையொப்பம்)

இடம்: வீடு, முன்னறை.
நாள்: செவ்வாய்க்கிழமை, வேலைக்குக் கிளம்பும் முன்.

இணைப்பு: அடையாள அட்டை ஒன்று, படம் ஒட்டாமல் திருப்பி அனுப்பப்படுகிறது.