உறை போட்ட பல்லின் நோ

பல் வைத்தியரின் அறைக்குள் கால் வைத்ததுமே கராம்பு எண்ணெய் மணத்தது. உடனே உம்முடைய நினைவுதான் வந்தது. உமக்குப் பல் நொந்த அந்த மழைக்காலம் முழுக்க உம்மிடம் இதே மணம்தான்.

எனக்கும் கடைவாய்ப் பல்லில் றூட் கனால் செய்து நரம்பை எடுத்து, மேலே கிறவுண் உறையும் போட்டு இரண்டு மாதமாகிறது. நோ போகவில்லை. பெரிய நோ இல்லை. தேத்தண்ணி குடித்தாலும், சும்மா இருந்தாலும் உள்ளே முனகிக்கொண்டே இருக்கிற நோ. உமக்குக் கிறவுண் போட்ட பிறகு நீரும் இதையேதான் சொன்னீர். உம்முடைய புருசன் நான் சொன்ன பதிலை மறந்திருக்கமாட்டீர். “நரம்பையே எடுத்தாச்சு. பிறகு என்னப்பா நோகுது உமக்கு?”

அதோடு விட்டேனா? நீர்வேலியிலிருந்து உம்முடைய தங்கை அனுப்பிய புழுக்கொடியலில் ஒரு துண்டை முறித்து உம் கையில் தந்தேன். “கிறவுண் இரும்பு மாதிரி. கடிச்சுப் பாரும்.” கல்லாய்க் காய்ந்த அந்தப் பனங்கிழங்கை, என் வாயை அடைப்பதற்காகவே கடித்தீர். கண் கலங்கியது. “இப்ப நோகேல்லை” என்றுவிட்டுக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டீர். நான் வென்றுவிட்டதாக நினைத்து மிச்சத்தைச் சப்பிக்கொண்டிருந்தேன், மடையன்.

அதற்குப் பிறகு நீர் எனக்கு ஒரு நோவும் சொன்னதில்லை. மூன்று நாளாக நெஞ்சுக்குள் என்னவோ செய்ததைப் பக்கத்து வீட்டு ரீச்சரிடம் சொல்லியிருக்கிறீர். என்னிடம் சொல்லவில்லை. “அவர் சிரிப்பார்” என்றீராம். உம்முடைய செத்தவீட்டில்தான் அதை அறிந்தேன்.

இன்றைக்கு அந்த வைத்தியப் பிள்ளை எக்ஸ்ரேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “படத்திலை ஒண்டும் தெரியேல்லை ஐயா. ஆனா உங்களுக்கு நோகுதெண்டா நோகுதுதான். திரும்பப் பாப்பம்” என்றாள். இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு உம்மோடு வாழ்ந்த முப்பத்தொரு வருடம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கனடாவிலிருந்து மகள் ரெலிபோன் எடுத்தாள். கதையோடு கதையாக இடுப்பு நோகிறது என்றாள். “எந்தப் பக்கம்? எப்ப துவங்கினது? ஆறுதலாச் சொல்லு பிள்ளை” என்றேன்.

“அப்பா, நீங்கள் அம்மாட்டை ஒருநாளும் இப்பிடிக் கேக்கேல்லை.”

“ஓம்” என்றேன்.

உம்மைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது. பக்கத்தில் இருத்தி, எந்தப் பக்கம், எப்போது தொடங்கியது என்று கேட்கவேண்டும். நீர் சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறக்கக்கூடாது.