வளையல் கீறிய இடம்

இராயபுரம்
14-11-1971

அன்புத் தங்கை செல்லக்கனிக்கு, தமக்கை ஞானசெல்வி நெஞ்சார்ந்த வாழ்த்துடன் எழுதுவது.

இங்கு யாவரும் நலம். உன் மாமியார் தாயம்மா எண்ணூர் வீட்டு வாசற்படியில் என்னை ஏறவிடமாட்டார் என்பதால், இம்மடலை உன் கணவர் இராமசுப்புவிடமே கொடுத்தனுப்புகிறேன்.

வளைகாப்பன்று கண்ணாடி வளையல் உடைந்து உன் மணிக்கட்டைக் கீறியது. காலையில் பட்ட சிறு கீறல், விளக்கேற்றும்வரை கசிந்தது. "புள்ள பெறாத அக்காக்காரி கண்ணு பட்டுச்சி, அதான் ரத்தம் நிக்கல" என்று தாயம்மா மஞ்சளை அப்பினார். கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நீ தலைகுனிந்திருந்தாய்.

பொறாமை உண்மைதான், கனி. மலடி என்று நான் பேசும் சங்க மேடைக்குத் துண்டுச்சீட்டு அனுப்பியவர்களுக்குத் துறைமுகத் தொழிலாளர் நடுவே விடையிறுத்தவள் நான். உன் வயிற்றின் முன் தோற்றேன். அன்றைய விருந்தில் இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்தேன்.

ஆயினும் அக்குருதி என் கண்ணால் வழிந்ததன்று. உன்னைப் பெற்றுச் சில நாள் கழித்துக் குருதி பெருகி மாண்டாளே, அந்த அம்மாவின் வழியே நம் இருவருக்கும் வந்த, குருதி எளிதில் உறையாத குறை அது. எனக்குப் பல் பிடுங்கியபோதே மருத்துவர் சொல்லிவிட்டார். உன் திருமணம் தடைப்படுமென்று அப்பா அதை நம் மூவருக்குள் மூடிவைத்தார். பிள்ளைப்பேற்றுக்கு நான் அஞ்சி விலகிய இடத்தில் நீ அறிந்தே துணிந்து நிற்கிறாய். என் பொறாமைக்கு அதுவே வேர்.

நேற்று இராமசுப்புவிடம் யாவும் சொல்லிவிட்டேன். என்னைச் சினந்துகொள். அவர் "கனிக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் மருத்துவச்சியை வைத்துப் பெறுவது வேண்டா. வலி காணுமுன்பே இங்குள்ள மருத்துவமனைக்கு வா. தலைவலிக்கு ஆஸ்பிரின் தொடாதே. பிள்ளை பிறந்ததும் வீடு திரும்ப அவசரப்படாதே. அம்மாவைக் கொண்டுபோனது பிந்தி வந்த பெருக்கே.

என் குருதியிலும் அதே குறை. அது உனக்கு உதவாது. ஆகவே துறைமுக வாயிலில் நடந்த சங்கக் கூட்டத்தில் உனக்காகக் குருதி கேட்டேன். கிரேன் ஓட்டும் வால்டர், "ஸ்ட்ரைக்குனு நீ சொன்னா கப்பலையே நிறுத்திக்கினு கீறோம், இந்த ரத்தத்த நிறுத்த மாட்டமாக்கா?" என்றார். அவர் பக்கத்தில் நின்ற தொழிலாளி சௌக்கத் அலி அதற்குள் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டார். உனக்குப் பொருந்தும் குருதியுடையோரை மருத்துவமனையில் சொல்லிவைத்திருக்கிறேன்.

தாயம்மா கேட்டால், கண்பட்டது என்றே சொல். அப்பழியை நான் சுமப்பேன். மருத்துவரிடம் மட்டும் மெய் சொல்.

உன் பிள்ளை உன் இடுப்பில் இருப்பதைக் கண்டு, கனி, நான் நெடுங்காலம் பொறாமைப்பட வேண்டும். அதற்கேனும் நீ வாழ்க.

உன் அக்கா,
ஞானசெல்வி