இடப்பக்கம் நான்

பிப். 1, ஞாயிறு

காலையில் நல்ல குளிர். கையுறை எங்கே வைத்தேனோ, கிடைக்கவில்லை. வீட்டில் ரீட்டாவிடம் வண்டி சர்வீஸ் என்று பொய் சொல்லிவிட்டுப் பூசைக்கு மட்டம்.

ராயப்பனும் நானும் பள்ளி மைதானத்தில் ஒத்திகை. அவன் பி.டி. மாஸ்டர், கேட் சாவி அவனிடம். நான் கெமிஸ்ட்ரி லேப் உதவியாளன். ஞாயிற்றுக்கிழமையில் எங்களைக் கேட்க அங்கே ஆளில்லை.

எதற்கு ஒத்திகை என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன். நவம்பரில் அவனுக்குப் பள்ளியிலேயே மண்டையைப் பிளக்கும் தலைவலி. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் சின்ன அடைப்பு. கை கால் தப்பியது. பார்வையில் இடப்பக்கம் போய்விட்டது, இரண்டு கண்ணிலும். நேராகப் பார்த்தால் வலப்பக்கம் மட்டும்தான் தெரியும். இனி வண்டியே தொடக்கூடாது என்றார் டாக்டர். வீட்டில் கேஸ் ட்ரபிள் என்று சொல்லிவிட்டான். விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன். மாதா படத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு எங்கள் வருடாந்தர பைக் பயணம். பெங்களூர் விவேக் நகரிலிருந்து அத்திபெலே பக்கம், படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்காக சிஸ்டர்கள் நடத்தும் இல்லம். இருபத்திரண்டு வண்டி. ஒன்பது வருடமாக முன்னால் போவது ராயப்பன்தான்.

"இந்த ஒரு வருஷம்டா ஜோ. அடுத்த வருஷம் நானே சொல்லிடறேன்."

ஏற்பாடு என் யோசனை. அவனுக்குப் பின்னால், இடது ஓரமாக நான். நீளமாக ஒரு ஹார்ன்: இடப்பக்கம் வண்டி இருக்கிறது. குட்டியாக இரண்டு: காலி, திரும்பலாம். கேட்டதும் அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். பத்து முறை செய்து பார்த்தோம், பத்தும் சரி. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

பிப். 3, செவ்வாய்

லேபில் குழாய் ஒழுகல். பிளம்பர் வரவில்லை.

இல்லத்திலிருந்து சிஸ்டர் போன். "போர்வை போன வருஷத்துதே அடுக்கி வெச்சிருக்கோம் பிரதர். பெரியவங்களுக்கான டயப்பர் கொண்டாங்க, அதுதான் இல்ல."

சாயங்காலம் டீக்கடையில் சொன்னேன். எல்லாரும் டம்ளரைப் பார்த்தார்கள். நாகராஜ் மட்டும் வாயைத் திறந்தான்: "அதை பைக் பின்னாடி கட்டிக்கிட்டு ஓசூர் ரோட்ல போகணுமா? சும்னே இருப்பா." சும்மா இரு என்று அர்த்தம். கன்னடக்காரன், எங்களோடு முப்பது வருடமாகத் தமிழில் சண்டை போடுகிறவன்.

கிரிஷ்தான் வழி சொன்னான். "கறுப்பு கவர்ல சுத்திடலாம் அண்ணா. யாருக்குத் தெரியப் போகுது?" சேலத்துப் பையன் என்று எழுத வருகிறது, வயது முப்பத்து நான்கு. ஹெப்பகோடியில் தனியாக வாடகை வீடு. சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. எங்கே தப்பு இருக்கிறது என்று தேடுவதற்கே சம்பளமாம். மூன்று வருடமாக எங்களோடு வருகிறான். ராயப்பன் என்றால் அவனுக்கு உயிர்.

பிப். 6, வெள்ளி

வாங்கியவை: கறுப்பு கவர், சணல் கயிறு, ஓ.ஆர்.எஸ்., பிளாஸ்டர். இன்னும் ரீட்டாவின் மாத்திரை வாங்கவில்லை.

என் வண்டி ஹார்ன் பூனை கத்துகிற மாதிரி என்றான் ரா. மெக்கானிக்கிடம் போய் இரட்டைச் சத்தம் போடும் புது ஹார்ன் மாட்டினேன். தனியாகத் தெரிய வேண்டும் அல்லவா.

கிரிஷிடம் ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ளும் ப்ளூடூத் ஜோடி இருக்கிறது. கேட்கலாமா என்றேன்.

"அவன்கிட்ட கேட்டா எதுக்குன்னு கேப்பான்டா. வேணாம்."

"அப்ப முன்னாடி நாகராஜ் போகட்டும். நீ என் பின்னாடி உக்காந்துக்கோ."

அவன் விசிலை வாயில் வைத்து ஊதினான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஓட ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு ஒருவரிடம் மாட்டேன் என்று சொல்ல வராது. ஐம்பத்து மூன்று வயதில் இதை எழுதுகிறேன்.

பிப். 7, சனி

ரா. வீட்டில் டயப்பர் கட்டுகளைப் பிரித்துக் கொடுத்தோம். அவன் மனைவி ஸ்டெல்லா எலுமிச்சை சாதம் கட்டித் தந்தாள். "நீங்க அவர் பக்கத்துலயே போறீங்கதானே அண்ணா?" "ஆமாம்மா." "அப்ப சரி."

மழை வந்து பயணமே நின்று போகாதா என்று மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். பிப்ரவரியில் ஏது மழை.

பிப். 8, ஞாயிறு

எழுத முடிகிறவரை எழுதுகிறேன்.

ஆறரைக்குக் கோயில் வாசல். ஃபாதர் வண்டிகளுக்கு மந்திரித்த தண்ணீர் தெளித்தார். ரா.வுக்கு இடப்பக்கமிருந்து வந்து முகத்தில் பட்டது. துள்ளினான். "தண்ணிக்கே பயந்துட்டாருப்பா கேப்டன்" என்று யாரோ, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மடிவாளா வரை ரோடு காலி. ஹார்ன் அடித்தேன், கட்டைவிரல் எழுந்தது. அடித்தேன், எழுந்தது. நெஞ்சில் கொஞ்சம் காற்று இறங்கியது.

பொம்மனஹள்ளி தாண்டியதும் தண்ணீர் லாரி, கம்பெனி பஸ், ஆட்டோ. எல்லாமே ஹார்ன். பெங்களூரில் ஹார்னைச் சைகையாக வைத்தவன் நான் ஒருவன்தான் இருப்பேன். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன். அந்த இரட்டைச் சத்த ஹார்ன் பாதி ஆட்டோக்களில் இருக்கிறது. எந்த ஆட்டோ அடித்தாலும் ரா. கட்டைவிரலைத் தூக்கினான். தூக்கிக்கொண்டே போனான். ஹெப்பகோடி வந்தபோது தூக்குவதையே விட்டுவிட்டான்.

முந்திப் போய்க் கையைக் காட்டி நிறுத்தியிருக்கலாம். முன்வண்டியை யாரும் முந்தக்கூடாது என்பது எங்கள் விதி. விதியா என்னைத் தடுத்தது? இல்லை. இன்னும் கொஞ்சம்தானே, போய்விடலாம் என்று நினைத்தேன்.

சந்தாபுராவுக்குச் சற்று முன்னால் நாகராஜின் கட்டு அவிழ்ந்து பாக்கெட்டுகள் ரோட்டில். வண்டிகளை நிறுத்தச் சொல்ல கிரிஷ் பின்னாலிருந்து வந்தான். என் இடப்பக்கமாக என்னைத் தாண்டி, ரா.வின் இடப்பக்கம் போய்ச் சேர்ந்தான். "அண்ணா, அண்ணா" என்று கையை ஆட்டுகிறான். அதே நேரம் ரா. சர்வீஸ் ரோட்டுக்கு இறங்க இடது பக்கம் ஒடிக்கிறான். நான் ஹார்னிலிருந்து கட்டைவிரலை எடுக்கவே இல்லை. பின்னால் பஸ்ஸும் அடிக்கிறது, ஆட்டோவும் அடிக்கிறது.

ஹேண்டில்பார் இடித்தது. கிரிஷ் விழுந்தான். பஸ் பிரேக் போட்டு நின்றது. அவனுக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம்.

இடது காறை எலும்பு முறிவு. மணிக்கட்டிலும் முறிவு. தலைக்கு ஒன்றுமில்லை.

போலீஸ்காரர் வந்தார். "நோட்கொண்டு ஹோக்பேக்கல்வா" என்றார், பார்த்துப் போக வேண்டாமா என்று. கிரிஷைப் பார்த்துத்தான் சொன்னார். நாகராஜும் அவனைத்தான் பிடித்தான்: "முன்வண்டி பக்கத்துல போகக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கு?"

ரோட்டில் உட்கார்ந்தபடி கிரிஷ் சொன்னான்: "என் தப்புதான். நான் உள்ள வந்திருக்கக் கூடாது."

ரா. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வாய் திறக்கவில்லை. நானும்தான்.

கிரிஷோடு ஆம்புலன்ஸில் நான். மற்றவர்கள் இல்லத்துக்குப் போய் டயப்பரைக் கொடுத்து, சிஸ்டர்களோடு படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். படத்தில் ரா. நடுவில்.

பிப். 9, திங்கள்

லீவு. முதுகு வலி.

வாட்ஸாப் குழுவில் காலையிலிருந்து:
நாகராஜ்: "அடுத்த வருஷம் புதுசா வர்றவங்களுக்கு ட்ரெயினிங் கொடுக்கணும்."
இன்னொருவர்: "ஒழுங்குதான் முக்கியம். கேப்டன் சமாளிச்சதால தப்பிச்சோம்."
கும்பிடும் கைகள், பதினொன்று.
கிரிஷ், வலது கையால்: "எல்லாரும் மன்னிச்சிடுங்க. என்னால ரைடு கெட்டுப் போச்சு."

நான் ஒரு வரி தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். ரீட்டா எட்டிப் பார்த்து, "ஏங்க, யாருக்கு அரை மணி நேரமா?" என்றாள். பிளம்பருக்கு என்றேன்.

பிப். 11, புதன்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. லேபில் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பக்கெட் வைத்திருக்கிறேன்.

மத்தியானம் கிரிஷ் போன். டிஸ்சார்ஜ் ஆகி ஹெப்பகோடி வீட்டில் இருக்கிறான், அம்மா சேலத்திலிருந்து வந்திருக்கிறார்.

"அண்ணா, உங்களுக்கு நான் தேங்க்ஸே சொல்லல."

"எதுக்குப்பா?"

"நான் உள்ள வந்ததும் விடாம ஹார்ன் அடிச்சீங்களே. போகாதடான்னு எனக்குத்தானே அடிச்சீங்க. நான்தான் புரிஞ்சுக்கல."

என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஏதோ உளறியிருப்பேன். போனை வைத்துவிட்டு வாஷ்பேசினில் முகம் கழுவினேன். அழுகை நிற்கவில்லை.

சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது என்று நேராக ரா. வீட்டுக்கு. அவன் இல்லை, பால் வாங்கப் போயிருந்தான். ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒரே மூச்சில். அவள் பீன்ஸ் அரிவதை நிறுத்தவில்லை.

"தெரியும் அண்ணா. கிறிஸ்துமஸ்லேர்ந்தே தெரியும். தட்டுல இடது பக்கம் வெக்கற பொரியல் அப்படியே இருக்கும். முதல்ல பிடிக்கலையோன்னு நினைச்சேன். தட்டைத் திருப்பி வெச்சேன், சாப்பிட்டார்."

"தெரிஞ்சுமா வண்டியில விட்டே?"

"சாவிய ஒளிச்சேன், இன்னொரு சாவி வெச்சிருக்கார். அழுதேன், நடுவுல எழுந்து போயிட்டார்." கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க பக்கத்துல போறீங்கன்னுதான் விட்டேன் அண்ணா."

வாசலில் வண்டிச் சத்தம். பால் வாங்கக்கூட வண்டியில்தான் போயிருக்கிறான். நான் சொல்லிக்கொள்ளாமல் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

பிப். 14, சனி

அரைநாள் பள்ளி. மூன்று மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் ஹார்ன். ரா. ஹேண்டில்பாரில் தொங்கும் பையில் ஆப்பிள்.

"வா, கிரிஷைப் பாத்துட்டு வந்துடலாம்."

"சாவியக் குடு, நான் ஓட்டறேன்."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்? ஏறுடா."

ஏறினேன். நான் ஏறாவிட்டால் தனியாகப் போவான். அதனால்தான் ஏறினேன் என்று எழுதலாம். உண்மையா, தெரியாது. ஹெப்பகோடி வரை அவன் இடது தோளில் கை. வண்டி வந்தால் ஒரு தட்டு, காலி என்றால் இரண்டு. இது அவன் போட்ட விதி. வழியெல்லாம் தட்டினேன். மேம்பாலத் தூண்களை எண்ணிப் பார்த்தேன், பயத்தில் எண்ணிக்கை விட்டுப்போனது.

ஒற்றை அறை, கட்டில், ஒரு பக்கம் கம்ப்யூட்டர். கிரிஷுக்குத் தோளிலிருந்து விரல் வரை கட்டு. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். ரா. கட்டில் பக்கத்து நாற்காலியில், அவனுக்கு இடது பக்கம் ஸ்டூலில் நான்.

"சாரி அண்ணா. உங்க ஒன்பது வருஷ ரெக்கார்டக் கெடுத்துட்டேன்."

ரா. அவன் தலையில் கை வைத்தான். "விடுப்பா. நடந்தது நடந்துபோச்சு. இனிமே பார்த்துப் போ."

மன்னித்துவிட்டான். என் காது கேட்டது.

கிரிஷின் அம்மா காபி கொண்டுவந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று ரா.விடம் நீட்டினார். "எடுத்துக்குங்க சார்." அவன் கிரிஷிடம் பள்ளி விளையாட்டு விழாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். "சார், காபி." பேசிக்கொண்டே, "குடுங்கம்மா" என்று வலப்பக்கம் கையை நீட்டினான். அங்கே யாரும் இல்லை. கை அந்தரத்தில் நின்றது. அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

கிரிஷ் டம்ளரைப் பார்த்தான். ரா.வின் கண்ணைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், ரொம்ப நேரம். எங்கே தப்பு என்று தேடுவதற்கே சம்பளம் வாங்குகிறவன்.

நல்ல கையை நீட்டி அம்மாவிடமிருந்து டம்ளரை வாங்கி, ரா.வின் வலது கையில் வைத்தான். குரலே உயரவில்லை.

"எதுல வந்தீங்க அண்ணா?"

"பைக்லதான்" என்றேன்.

"யார் ஓட்டினது?"

ரா. என்னைப் பார்க்க நினைத்தான். அதற்கு அவன் தலை முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது.