நாற்பத்தேழில் நான்கு

ஜனவரி 9
இந்தப் பேட்ச்சுக்குப் பத்தொன்பது பேர்தான். போன வருடம் முப்பத்து மூன்று. நிர்வாகி என் மேசைக்கே வந்து நின்றார். ஆள் சேர்ப்பதும் நான்தான், படித்து முடித்தவர்களுக்கு வேலை தேடித் தருவதும் நான்தான். எது குறைந்தாலும் திட்டு ஒரே மேசைக்கு வந்து சேர்கிறது. இருபது பேர் இல்லாமல் லேப் டெக்னீஷியன் வகுப்பைத் தொடங்க மாட்டாராம். கீழே இருக்கும் ஃபர்னிச்சர் கடைக்காரர் எங்கள் கல்லூரி இருக்கும் மாடியையும் வாடகைக்குக் கேட்கிறாராம்.

இருபதாவது ஆளுக்கு எங்கே போவேன்?

ஜனவரி 11
தங்கையிடம் பேசினேன். செருப்புக் கடையில் பதினோரு வருடமாக நிற்கிறாள். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. முப்பத்தாறு வயதில் படிப்பா என்று சிரித்தாள். ஒன்பதே மாதம், உட்கார்ந்து பார்க்கும் வேலை, வெள்ளைக் கோட்டு என்றேன். எல்லாரிடமும் சொல்கிறவைதான். அவளிடம் சொல்லும்போது நானும் நம்பினேன்.

“நீ சொன்னா சரியாத்தான்ணா இருக்கும்.”

ஜனவரி 20
சேர்ந்துவிட்டாள். பகல் வகுப்பு, அதனால் கடை வேலையை விட்டாயிற்று. மகள் பெயரில் போட்டுவைத்த வைப்புத் தொகையை உடைத்துக் கட்டணம் கட்டினாள். மச்சான் முகம் சுளிக்கவில்லை. என் முகத்துக்காக.

பிப்ரவரி 14
அங்கீகாரத்தைப் புதுப்பிக்க, இரண்டு வருடங்களில் முடித்தவர்கள் இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள் என்று அறிக்கை தர வேண்டும். இத்தனை நாள் நிர்வாகியே ஏதோ எழுதி அனுப்புவார். இந்த முறை என் தலையில் கட்டிவிட்டார். நாற்பத்தேழு போன் எண்கள்.

பிப்ரவரி 17
இரண்டு நாளாகப் போனும் கையுமாக இருக்கிறேன். ஒருத்தி துணிக்கடையில் மடித்து வைக்கிறாள். ஒருவன் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறான். ஒருத்தி என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். ஆய்வகத்தில் இருப்பது நான்கு பேர். அதில் ஒருத்திக்கு ஆய்வகமே அவள் மாமாவுடையது.

பார்சல்காரன் கேட்டான்: “பெரிய ஆஸ்பத்திரி எதுலயும் ரெண்டு வருஷ டிப்ளமோ இல்லாம எடுக்க மாட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா சார்?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

தெரியாது. ஆறு வருடமாக யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்குப் பெயர் என்ன?

பிப்ரவரி 18
முப்பது நாளுக்குள் விலகினால் கட்டணத்தில் முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கும். தங்கைக்கு நாளையோடு கெடு.

பிப்ரவரி 19
சொல்லத்தான் போனேன். கதவைத் திறந்ததும் கையை நீட்டினாள் — முதல் முறையாக இன்று ஒரே குத்தில் நரம்பைப் பிடித்து ரத்தம் எடுத்தாளாம். லேப் டீச்சர் வகுப்பையே கூப்பிட்டுக் காட்டினாராம். நோட்டை விரித்து வெள்ளணு, சிவப்பணு என்று கலர் பென்சிலில் வரைந்ததைக் காட்டினாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவைப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20
சொல்லவில்லை. இனிச் சொல்லி என்ன? — இல்ல, நேத்து ஏன் சொல்லல? வாய் இருக்குல்ல உனக்கு?

மார்ச் 3
நிர்வாகி பட்டியலை எடுத்துக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்தார். கிளினிக் வாசலில் டோக்கன் கொடுப்பவள் மருத்துவத் துறை. மருந்துக் கடையில் பில் போடுபவள் மருத்துவத் துறை. பார்சல்காரன் சில நாள் மருந்தும் கொண்டுபோவான் இல்லையா என்றார். நான்கு பேர் முப்பத்தொன்று ஆனார்கள். எதுவும் பொய்யில்லையே என்றார். கையெழுத்து என்னுடையது.

அக்டோபர் 24
தங்கைதான் வகுப்பில் முதல்.

நவம்பர் 12
பெரிய மருத்துவமனைக்கு அவளோடு நானும் போனேன். இது நான்காவது இடம். ஆள் எடுக்கும் அம்மாள் மரியாதையாகவே பேசினார். சான்றிதழைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். “இதோட வேற ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்டார். தங்கை பைக்குள் கைவிட்டுத் தேடினாள். அதில் ஒன்றும் கிடையாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

டிசம்பர் 2
செருப்புக் கடையில் அவள் இடத்தில் வேறு பெண் வந்துவிட்டாள்.

டிசம்பர் 15
பஸ் நிறுத்தத்தில் வைத்துக் கேட்டாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமாண்ணா?”

பிப்ரவரியிலேயே தெரியும் என்றேன். கெடு முடிவதற்கு முன்பா என்றாள். முன்பே என்றேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலாம். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் போனது.

“அம்மாகிட்ட சொல்லிடாத. அவங்களாவது உன்னை நம்பிட்டு இருக்கட்டும்.”

ஜனவரி 18
அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு நான் போகவில்லை. வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை.

பிப்ரவரி 11
இந்த வருட அறிக்கைக்கு வரிசையாகப் போன் செய்துகொண்டு வந்தேன். பதினான்காவது எண் தங்கையுடையது. தாண்டிப் போயிருக்கலாம். போட்டுவிட்டேன். பின்னால் மெஷின் சத்தம். என் பெயரைச் சொல்லவில்லை, கல்லூரிப் பெயரைத்தான் சொன்னேன். இப்போது என்ன வேலை என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரில. பெட்ஷீட் துவைக்கிற இடத்துல இருக்கேன். எழுதிக்குங்க சார்.”

சார் என்றாள்.

வைத்த பிறகு படிவத்தில் அவள் பெயருக்கு நேரே எழுதினேன்: மருத்துவத் துறை. நிர்வாகி அப்போது அறையிலேயே இல்லை.